கட்டியில்லடா, கம்பு!

ஏண்டா பேராண்டி, "கோழிக்குக் கழுத்துல கட்டி வந்துருச்சு அப்பத்தா"ன்னு அந்தி மயங்குன நேரத்துல ஒரு வீடியோவை அனுப்பி, அதுக்குக் கீழே கண்ணீர் வடிக்கிற மூஞ்சி மூணையும் போட்டு வச்சிருந்தியே, பாத்தேன். கோழி உன்னைவிட நல்லாத்தான் இருக்கு. கண்ணு தெளிவா இருக்கு, கொண்டை செவந்து கிடக்கு, நீ படம் பிடிக்கிறப்பவே உன் கால் கட்டைவிரலைக் கொத்துது. நெஞ்சுக்கு வலது பக்கமா எலுமிச்சம்பழ அளவுக்கு ஒண்ணு புடைச்சுத் தெரியுது. அது கட்டியில்லடா, கம்பு. பகலெல்லாம் மேய்ஞ்சது போதாதுன்னு சாயந்தரம் நீ கொட்டுன கம்பையும் அள்ளிப் போட்டுக்கிட்டு அடைய வந்துருக்கு. ராத்திரிக்குச் சேமிப்பு. சம்பளம் வாங்குன மூணாம் நாளே கையை விரிக்கிற உனக்கு, சேமிப்பைப் பாத்தா கட்டியாத்தான் தெரியும்.

அதுக்குப் பேரு இரைப்பை. கழுத்தடியில, தோலுக்கு உள்புறமா இருக்கு. கோழிக்குப் பல்லு கிடையாது, கொத்துனதை அப்பிடியே முழுங்கும். முழுங்குனது இந்தப் பையில தங்கி, குடிச்ச தண்ணியில ஊறும். செரிமானம்னு இங்கே பெருசா ஒண்ணும் நடக்காது. ஊறுனது கொஞ்சங் கொஞ்சமா இறங்கி, புளிப்புநீர் சுரக்குற சின்ன வயித்துல நனைஞ்சு, அப்புறம் கல்லு கிடக்குற அரைவைப்பைக்குப் போகும். அரிசியை ஊறப்போட்டு உரல்ல ஆட்டுற கதைதான். கோழி உரிக்கிறப்ப நான் அந்த அரைவைப்பையைக் கீறிக் காட்டியிருக்கேன். கெட்டிச் சதை, உள்ளே சுருக்கம் விழுந்த மஞ்சத் தோலு. அதை உரிச்சு எடுத்தா பொடிக்கல்லா கொட்டும், சமயத்துல ஒடைஞ்ச வளையல் துண்டுகூடக் கிடக்கும். நீ அன்னைக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுனவன். அன்னைக்கு நின்னு பாத்திருந்தா இன்னைக்கு மூணு கண்ணீர் மூஞ்சி மிச்சம்.

சாயந்தரம் இரைப்பை நிறைஞ்சிருந்தா கோழி ஒழுங்கா மேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்நேரம் அது காலியாக் கிடந்தாத்தான் கவலைப்படணும். தடவிப் பாக்குறதுக்குச் சரியான நேரம் விடியக்காலம். இருட்டுல கோழிக்குக் கண்ணு தெரியாது, தீனி எடுக்காது. விடியறதுக்குள்ள பை வத்திப் போயிருக்கணும். அதனால கூட்டைத் திறந்து ஒரு பருக்கை போடுறதுக்கு முன்னாடி, கோழியை இடது கக்கத்துல இடுக்கிக்க. றெக்கை ரெண்டும் உன் விலாவோட ஒட்டி இருக்கட்டும், ஆனா நெஞ்சைப் போட்டு இறுக்காத. கோழிக்கு நெஞ்செலும்பு மேலேயும் கீழேயும் அசைஞ்சாத்தான் மூச்சே வரும். பாசத்துல கட்டிப்புடிச்சே கொன்னுருவ. வலது கை விரலைக் கழுத்தடி மயிருக்குள்ள விட்டுத் துழாவு. வெறும் தோலு மட்டும் தொளதொளன்னு கையில பட்டா, கீழே விட்டுட்டுப் போய்க் காப்பி குடி. கெட்டியா ஒண்ணு உருண்டாலோ, தண்ணி தளும்புனாலோதான் விசயம் இருக்கு.

ஆனா நீ ஒம்பது மணிக்கு எந்திரிக்கிற ஆளு. அதுக்குள்ள உன் பொண்டாட்டி தீனி வச்சிருப்பா, கோழி ஒரு வயிறு தின்னு முடிச்சிருக்கும். அதைப் புடிச்சுத் தடவிட்டு மறுபடியும் எனக்குக் கட்டின்னு அனுப்புவ. அலாரம் வச்சுக்க ராசா.

சரி, விடியக்காலத்துலயும் கெட்டியா இருக்குன்னு வையி. உள்ளே பிசைஞ்ச மாவு கணக்கா, அமுக்குன இடம் குழிஞ்சு நிக்கிது. கோழி ஒரு ஓரமா ஒடுங்கி நிக்கிது, கழுத்தை அடிக்கடி நீட்டி நீட்டி நெளிக்கிது, எச்சம் கொஞ்சமாப் போகுது. இதுதான் இரைப்பை அடைப்பு. இதுக்குக் காரணம் தேடி ஜோசியக்காரன்கிட்டப் போக வேணாம். உன் வீட்டுக் கொல்லையைச் சுத்திப் பாரு. புல்லுவெட்டி வாங்கி வச்சு நீளமா வெட்டிப் போட்டிருக்கியே காஞ்ச புல்லு, அது ஒண்ணு. செடிக்கு ஈரம் காக்கும்னு எவனோ சொன்னான்னு தேங்காய் நாரைப் பரப்பியிருக்கியே, அது ரெண்டு. சாக்கு தைக்கிற பிளாஸ்டிக் நூலு, பாலிதீன் பையோட கிழிசல், தலை சீவி உருட்டிப் போட்ட முடி. எல்லாத்தையும்விடப் பொல்லாதது எதுன்னு கேளு. உன் பொண்டாட்டி ராத்திரி தலையில இருந்து எடுத்து ஜன்னல் வழியா வீசுறாளே மல்லிகைப்பூ, அதைக் கட்டுன வாழைநாரு. பூ வாடி உதிர்ந்துரும். நாரு வாடாது. புழுன்னு நினைச்சுக் கோழி ஒரு முனையைப் புடிச்சு இழுக்கும், முழு முழமும் உள்ளே போயிரும். உள்ளே போய்ப் புல்லோட சேந்து முறுக்கிக்கிட்டுக் கிடக்கும். அவகிட்ட இதைச் சொல்லிப்புடாத. பூ வாங்கித் தர்றதை நிப்பாட்ட நீ போடுற திட்டம்னு சந்தேகப்படுவா. குப்பைக்கூடை ஒண்ணு வாங்கி வையி, அது போதும்.

இன்னொரு காரணமும் இருக்கு. ஒரு பகல் பூரா பட்டினி போட்டுட்டு, வெளியூர் போய்த் திரும்பி வந்து பாவம் தீர்க்க ஒரு படி சோளத்தைக் கொட்டுவ. அதுக பறக்காவெட்டியா முழுங்கித் தண்ணியையும் குடிக்கும். தானியம் உள்ளே ஊதும். கல்லு இல்லாட்டியும் அடைக்கும். மொட்டைமாடிக் கூண்டுலயும் வளக்குறியே, அந்தக் கோழிகளுக்குக் கல்லு எங்கே கிடைக்கும்? தரையில மேயிற கோழி தனக்கு வேணுங்குற பொடிக்கல்லைத் தானே பொறுக்கிக்கும். கூண்டுக் கோழிக்கு நீதான் ஒரு சட்டியில வைக்கணும். கிளிஞ்சலை இடிச்சு வச்சிருக்கேன்னு பெருமை பேசாத. கிளிஞ்சல் முட்டை ஓட்டுக்கு, உள்ளே போனதும் கரைஞ்சுரும். அரைக்கிறதுக்குக் கரையாத கல்லு வேணும். கீழே அரைவை நடக்காட்டி மேலே சரக்கு தேங்கத்தானே செய்யும்?

அடைச்ச கோழியைத் தனியாப் பஞ்சாரம் போட்டுக் கவுத்து. அடியில வைக்கோலும் நாரும் போட்டுடாத, அதையும் கொத்தும். வெறும் தரை போதும். தானியத்தை நிப்பாட்டு, தண்ணியை நிப்பாட்டாத. உப்பு, மஞ்சள், மிளகு, ஓமம், இஞ்சின்னு உன் அடுப்பங்கரையைக் காலி பண்ண வேணாம், அது கோழி, ரசம் இல்லே. வெதுவெதுன்னு தண்ணி, ரெண்டு மூணு மில்லி தேங்காயெண்ணெய். ஊசி மாட்டாத சிரிஞ்சுல எடுத்து, அலகோட ஓரத்துல சொட்டுச் சொட்டா விடு. ஒரு சொட்டு விட்டா அது முழுங்குறதைப் பாத்துட்டு அடுத்த சொட்டு. கோழியோட நாக்குக்குப் பின்னாடியே மூச்சுக்குழல் வாய் திறந்து மூடுறது தெரியும். வாயைப் பொளந்து அவசரமா ஊத்துனா எண்ணெய் நேரா நெஞ்சுக்குள்ள போயிரும். வந்த நோய்க்குத் தப்புன கோழி உன் வைத்தியத்துக்குத் தப்பாது.

எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு, விரல் நுனியால அந்த உருண்டையை மெதுவா உருட்டி உருட்டி உடை. அஞ்சு நிமிசம் போதும். ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. பரோட்டா மாஸ்டர்கிட்ட வேலை பழகுறவன் மாதிரி அமுக்கிப் பிசையாத. உள்ளே இருக்குறது மேலே ஏறி வாய்க்கு வந்தா உடனே கையை எடுத்துரு, கோழியைத் தலை நிமிர விடு. மறுநா விடியக்காலம் உருண்டை இளகிச் சிறுத்திருந்தா, நல்லா ஊறவச்ச கோழித் தீவனமோ, மசிச்ச அவிச்ச முட்டையோ கொஞ்சமாக் குடு. முட்டையைக் கோழிக்கே குடுக்குறதான்னு முகத்தைச் சுழிக்காத, அதுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பன்னு, பரோட்டா, பழைய சோறு மட்டும் வேண்டவே வேண்டாம். ரெண்டாம் நாளும் அது அசையாம இருந்தா, உன் படிப்பு அவ்வளவுதான். கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போ.

இப்ப அந்தத் தலைகீழ் வித்தைக்கு வர்றேன். போன்ல பாத்தியாம், கோழியைக் காலைப் புடிச்சுத் தலைகீழாத் தூக்கி, கழுத்தைப் பிதுக்குனா உள்ளே இருக்குறதெல்லாம் கொட்டிருமாம். கொட்டும்டா. வாய் வழியாவும் கொட்டும், மூச்சுக்குழல் வழியா உள்ளேயும் கொட்டும். வாந்தி எடுக்குற உடம்பு இல்லை அது. அந்த வீடியோவுல கோழி கொட்டுறதைக் காட்டுறானே, மறுநா காலையில அந்தக் கோழி எப்பிடி இருந்துச்சுன்னு எங்கேயாச்சும் காட்டுறானா? கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதும்பாக. மனுசன் வைத்தியம் பாத்துச் செத்த கோழிக்குத்தான் கணக்கு கிடையாது. வெளியே எடுத்தே ஆகணும்னா, மருத்துவர் குழாய் விட்டு எடுப்பாரு. அது அவரு கை பழகுன வேலை.

இந்தத் தலைகீழ் ஆசை கூடுதலா வர்றது இன்னொரு சீக்குலதான். அதுல பை கெட்டியா இருக்காது. தண்ணி அடைச்ச மாதிரி தளதளன்னு இருக்கும். கோழி வாயைக் கிட்டப் போய் மோந்தா, ஒரு வாரம் வெளியே கிடந்து பொங்குன இட்லி மாவு நாத்தம் அடிக்கும். புளிச்ச இரைப்பைன்னு வச்சுக்க. நம்ம டாக்டரம்மா இதுக்குக் காரணம் கேண்டிடாங்குற பூஞ்சைன்னு சொன்னாக. அந்தப் பூஞ்சை எல்லாக் கோழி உடம்புலயும் கொஞ்சமா ஒரு ஓரத்துல குடியிருக்குமாம். நல்ல கிருமிக இருக்குறவரைக்கும் அது வாயைத் திறக்காது. இரை தேங்கிப் புளிச்சாலோ, பூசணம் புடிச்ச தீனி போனாலோ, தண்ணிச் சட்டியில பாசி வழுவழுன்னு படிஞ்சாலோ அது பெருகிரும். நீ ஒண்ணு பண்ணுவியே, கோழி தும்முனா மெடிக்கல் கடையில ஒரு கேப்சூலை வாங்கி, பாதியைப் பிரிச்சுத் தண்ணியில கலக்குறது. மிச்சப் பாதியை உனக்கு இருமல் வந்தா போட்டுக்கிடுற ஆளு நீ. அந்த ஆன்டிபயாடிக் நல்ல கிருமியையெல்லாம் கொன்னு போட்டு, பூஞ்சைக்குப் பாய் விரிச்சுக் குடுக்கும். அப்புறம் பூஞ்சைக்கும் அதே கேப்சூலைக் குடுப்ப. அது இன்னுங் கொஞ்சம் நல்லா வளரும்.

பூஞ்சைக்குத் தனி மருந்து இருக்கு, நிஸ்டாடின்னு பேரு. கோழி எடைக்குத் தக்கன அளவு சொல்றது மருத்துவர் வேலை. மேலத்தெரு மீசைக்காரரு மயில்துத்தத்தைத் தண்ணியில கரைச்சு ஊத்தச் சொல்லுவாரு. அதுலயும் விசயம் இல்லாம இல்லே, பூஞ்சைக்கு மயில்துத்தம் பழைய மருந்துதான். ஆனா அவரு அளவு "ஒரு சிட்டிகை". அவரு சிட்டிகை எவ்வளவு பெருசுன்னு அவரு பொடி போடுறப்பப் பாத்திருக்கேன். அளவு மீறுனா அது விசம். அடுத்தது நீ பாட்டில் பாட்டிலா வாங்கி அடுக்கியிருக்கிற ஆப்பிள் வினிகர். கொஞ்சமாக் கலந்தா தண்ணிச் சட்டி அவ்வளவு சீக்கிரம் பாசி புடிக்காது, அம்புட்டுத்தான். வந்த பூஞ்சையை அது ஓட்டாது. அதையும் தகரச் சட்டியில ஊத்தி வைக்காத, புளிப்பு உலோகத்தை அரிச்சுத் தண்ணியில இறக்கிரும். சக்கரை, வெல்லம், கஞ்சி, சோறு எல்லாம் பூஞ்சைக்கு விருந்து. கோழி மெலிஞ்சு போச்சேன்னு வெல்லத் தண்ணி குடுக்குற கைதான் அந்தப் பூஞ்சைக்குத் தாய் வீடு.

பிளேடு வைத்தியம் பத்தியும் கேட்டிருந்த. நம்மூருல சவர பிளேடால இரைப்பையைக் கீறி, உள்ளதை வழிச்சுப் போட்டு, சேலை தைக்கிற நூலால தைச்சு, மஞ்சளை அப்பி விடுற ஆளுக இருந்தாக. பிழைச்ச கோழியும் உண்டு. பிழைச்ச கோழியைத்தான் ஊரே பேசும். பிழைக்காதது சாயந்தரமே குழம்பாயிரும், குழம்பு வாயைத் திறந்து சாட்சி சொல்லுமா? மருத்துவரும் இதே வேலையைத்தான் பண்ணுவாரு. ஆனா மரத்துப்போக ஊசி போட்டு, சுத்தமான கத்தியால தோலைத் தனியா, பையைத் தனியா கீறி, சுத்தமாக் கழுவி, பையைத் தனியா, தோலைத் தனியா தைப்பாரு. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துத் தைக்கிறது நம்ம ஊரு கை. அது ஒட்டிக்கிட்டுப் புண்ணாகிப் பிரிஞ்சுரும். ஒழுங்காத் தைச்சா கோழி அன்னைக்கே எந்திரிச்சு நின்னு தண்ணி குடிக்கும். மருந்து குடுத்த கோழியோட முட்டையை எத்தனை நாள் திங்கக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டு வா. இல்லேன்னா கோழி தப்பிக்கும், நீ அகப்பட்டுக்குவ.

சில கோழிக்குப் பை இழுபட்டுத் தொய்ஞ்சு, நெஞ்சுக்குக் கீழே தொங்கி ஆடும். தசை போயிருச்சு, அது திரும்பாது. கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி, ஊறவச்ச தீனியாப் போட்டு ஓட்டலாம். வெளிநாட்டுல இதுக்குக் கச்சை தைச்சு விக்கிறாகளாம், கோழி நெஞ்சைத் தாங்கிக் கட்டுறதுக்கு. நீ இந்நேரம் போன்ல தேட ஆரம்பிச்சிருப்ப. வேணாண்டா. ஊருக்கு வர்றப்ப நம்ம தெருவுல கோழிக்கு உள்பாவாடையும் கேப்பாக.

இவ்வளவையும் சிரிச்சுக்கிட்டுச் சொன்னேன். இப்பச் சிரிக்காமக் கேளு. இரைப்பை நிறைஞ்சு கிடக்குற எல்லாமே இரைப்பைச் சீக்கு இல்லை. பை நிறைஞ்சிருக்கு, கூடவே எச்சம் பச்சையும் வெள்ளையுமாக் கழியுது, மூச்சு இரைக்குது, கழுத்து முறுக்கிக்கிது, பக்கத்துக் கோழியும் தூங்கி வழியுதுன்னா எண்ணெயைக் கையில எடுக்காத. அது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட்டுன்னு டாக்டருக சொல்றது அதைத்தான். ராணிக்கெட்டு உத்தராகண்ட் மலையில இருக்குற ஒரு ஊரு. இங்கிலாந்துல 1926-ல நியூகாசில்ங்குற ஊருல இதே நோயைப் பாத்து அந்த ஊரு பேரை வச்சாக, இங்கே நம்ம மலையூரு பேரு. பேரு ரெண்டு, சாவு ஒண்ணு. வந்தா மருந்து கிடையாது. ஒரு கோழிக்கு வந்தா கொல்லை முழுக்கப் படுத்துரும். செத்ததை ஓடையில வீசாத, ஆழமாக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதை. பையும் இறங்காம, ஒரு கால் முன்னாடியும் ஒரு கால் பின்னாடியுமா நீட்டிக்கிட்டுப் படுத்துருச்சுன்னா அது மேரக்ஸ். நரம்பைப் பிடிக்கிற நோய். அதுக்கும் பொரிச்ச அன்னைக்கே போடுற ஊசிதான், பிற்பாடு வைத்தியமில்லை.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி இருக்கு. குஞ்சு 7 நாள் ஆனதும் கண்ணுலயோ மூக்குலயோ சொட்டு மருந்து, நடுவுல இன்னொரு தடவை, 8 வாரம் ஆனப்புறம் றெக்கைக்கு அடியில ஊசி. ஆரோக்கியமா இருக்குறப்பத்தான் போடணும், சீக்கு வந்ததும் தேடிப் போனா பிரயோசனம் இல்லை. நம்ம கால்நடைத்துறைக்காரவுக வருசா வருசம் பிப்ரவரி வாக்குல ஊருக்கே வந்து காசில்லாமப் போட்டுட்டுப் போறாக. அவுக வண்டி வந்ததும், ஊசி போட்டா முட்டை குறைஞ்சுரும்னு கோழியைப் பஞ்சாரத்துக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு, "எங்க வீட்டுல கோழியே இல்லையே சார்"னு சொல்லுற ஆளுக நம்ம தெருவுலயே உண்டு. சொல்லி வாய் மூடுறதுக்குள்ள பஞ்சாரத்துக்குள்ள இருந்து சேவல் கூவும். நீ ஒளிக்காத. பக்கத்துலயே மருந்தகம் இருக்கு, அவசரத்துக்கு 1962-ன்னு நம்பரும் இருக்கு, எழுதிக் கூட்டுக் கதவுல ஒட்டி வையி. ஊசிக்காரரு வந்தா எல்லாக் கோழியையும் ஒண்ணு விடாமப் புடிச்சுக் குடு.